மயில் ஸ்டிக்கர் ஒட்டிய கொக்கு

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் மணிமொழியைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும், அவளுக்குக் காலில் சக்கரம் என்றுதான் முதலில் சொல்வார்கள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், திரும்பி வந்து மூடியைத் திறப்பாள், கிளறுவாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். நன்றாக வெந்துகொண்டிருக்கிற சோற்றைக் கிளறிக் கிளறியே களியாக்கிவிடுகிற கை அது. இந்தக் கதையும் ஒருவகையில் அந்தச் சோற்றின் கதைதான்.

கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தவள். இவள் வயரைப் பற்றவைத்துத் தள்ள, பக்கத்துச் சீட்டில் இருந்த கள்ளக்குறிச்சி சந்தியா ஸ்பிரிட்டில் துடைத்துச் சோதித்துப் பார்ப்பாள். ஒரே ஹாஸ்டல், ஒரே அறை, ஒரே தட்டில் சாப்பாடு. பிறகு மணிமொழியை வடக்கனந்தலில் நாராயணசாமியின் மகன் இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கம்பெனியில் உட்கார்ந்தே வேலை பார்த்தவளுக்கு மரவள்ளிக் கொல்லையில் குனிந்து குனிந்து முதுகு கழன்றது.

ஆனால் சும்மா கிடப்பவளா அவள். சென்னையிலிருந்து சர்க்யூட் பலகையும் டப்பாவும் திரையும் வரவழைத்து, உள்ளங்கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் செட்டுகளை வீட்டிலேயே பொருத்த ஆரம்பித்தாள். பக்கவாட்டு அறை ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் ஒரு மேசை, ஒரு சால்டரிங் கம்பி, ஒரு டேபிள் ஃபேன். செட்டின் முதுகில் கொக்குப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினாள். வர்ணம் கிடையாது, வெளிச்சம் கிடையாது, சாம்பல் நிறத் திரையில் கட்டம் அடுக்கலாம், பாம்பு ஓட்டலாம். பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் வாரக்கணக்கில் ஓடும்.

குழந்தைகள் வாங்குவார்கள் என்று நினைத்துத்தான் செய்தாள். வாங்கியதோ கல்வராயன் மலைக்காரர்கள், அதுவும் பிள்ளை பெற்றவர்கள். தை பிறந்தால் அங்கிருந்து ஆணும் பெண்ணுமாகக் கர்நாடகா எஸ்டேட்டுகளுக்கு மிளகு பறிக்கப் போவார்கள். அங்கே கொட்டகையில் போனுக்கு டவர் கிடைக்காது, கரண்டு வந்தால் வந்தது. பொழுது சாய்ந்தபின் மூட்டைமேல் சாய்ந்துகொண்டு கட்டம் அடுக்குவதற்குக் கொக்குதான் தோதாக இருந்தது. வெள்ளிமலை ஜீப்காரர் முனியன்தான் மலைக்கு மொத்த வியாபாரி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில் கள்ளக்குறிச்சியில் சந்தியாவும் கடை போட்டாள். அவளுடைய செட்டுக்குப் பெயர் மயில். கலர் திரை, உள்ளே வெளிச்சம், சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை மொய்த்தார்கள். சேதி வடக்கனந்தலுக்கு வந்ததும் மணிமொழி சால்டரிங் கம்பியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"என் பக்கத்துல உக்காந்து தொடச்சிக்கினு இருந்தவ. இப்ப எனக்கே போட்டியா வந்துட்டா பாருங்க," என்று இளவரசனிடம் புலம்பினாள்.

"அவ டவுன்ல வித்துக்கினு போறா. நீ மலைக்குக் குடுக்குற. உனக்கு இன்னா வந்துச்சு?" என்றான் அவன்.

நல்ல கேள்வி. காதில் வாங்கினால்தானே? நாத்தனாரை விட்டு ஒரு மயிலை வாங்கிவரச் சொல்லி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தாள். அன்றிலிருந்து கொக்கைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அது அழுக்குச் சட்டை போட்ட பிள்ளையாகத் தெரிந்தது. தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை. கொக்குக்கும் வெளிச்சம் வைக்கலாமா, கலர் போடலாமா என்று அறைக்கும் வாசலுக்கும் நடந்து தேய்ந்தாள்.

மார்கழியில் இரண்டு சேதிகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது மாமனார் வாயிலிருந்து.

"இந்த வருசம் மக்காச்சோளம் ஜாஸ்தி. மூட்டை போட எடம் இல்ல. தையில உன் யாவாரம் நல்லா ஓடுச்சுன்னா ரூமு உன்னுது. இல்லன்னா மேசைய எடுத்துடும்மா, கொல்லைக்கும் ஆள் கம்மியா இருக்குது," என்றார் நாராயணசாமி. கெட்ட மனுஷர் இல்லை. சொன்னால் சொன்னபடி செய்கிறவர், அதுதான் பயம்.

இரண்டாவது, முனியன் போனில் சொன்னது.

"தங்கச்சி, கள்ளக்குறிச்சி பொண்ணும் மலைக்கு சரக்கு தரேங்குது. ரிப்பேருக்கு வந்தா எது யாருதுன்னு எனக்கு கொழப்பம். இந்த சீசனுக்கு ஒண்ணுதான் தூக்குவேன். வழக்கம்போல ஜீப்புல வுட்டுப் பாத்துடலாம்."

முனியனின் வழக்கம் மலைக்கே தெரியும். அடிவாரத்தில் ஜீப் கிளம்பும்போது செட்டுகளைப் பயணிகள் கையில் கொடுத்துவிடுவார். வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டே அது கைமாறும். வெள்ளிமலையில் இறங்கும்போது எவர் திருப்பித் தரவில்லையோ அவர் வாங்கிவிட்டார் என்று அர்த்தம். பேச்சும் இல்லை பேரமும் இல்லை.

மணிமொழி அந்த ராத்திரியே முடிவெடுத்துவிட்டாள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். பென்சில் பேட்டரிக் குழியை அடைத்தாள். கலர் திரை வைத்தாள், சார்ஜ் பாயின்ட் வைத்தாள், வெளிச்சம் வைத்தாள். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கக்கூட மறந்து அறைக்குள்ளேயே கிடந்தாள். புதுக் கொக்கு ஜொலித்தது. இனி சந்தியா மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்று நினைத்தாள் பாவம்.

மாட்டுப்பொங்கல் கழிந்து ஜீப் கிளம்பிய அன்று அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. பெட்டியோடு தானும் ஏறி, எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்கப் போகிற செல்லியம்மாள் என்கிற பெண்ணின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர்ச் சீட்டில் செல்லியம்மாளின் மருமகன் தமிழழகன். முனியன் முதலில் புதுக் கொக்கைக் கொடுத்தார்.

செல்லியம்மாள் அதை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். "பேட்டரி எங்க போடுறது?"

"போட வேணாங்க. சார்ஜ் போட்டுக்கலாம்," என்றாள் மணிமொழி.

"எங்க போடுறது? கொட்டாய்க்கே ஒரு பிளக்குதான். போனுக்கே வரிசையில நிக்கிறோம்." அவள் கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். கொக்கை முந்தானையில் துடைத்துத் தமிழழகனிடம் கொடுத்தாள். அவன் அழகாயிருக்கிறது என்று சொல்லி அடுத்தவரிடம் கொடுத்தான். வழியில் கரியாலூர் வருவதற்குள் எல்லாக் கொக்கும் மரியாதையாகப் பெட்டிக்கே திரும்பிவிட்டன.

அதன்பிறகு முனியன் சந்தியாவின் பெட்டியைப் பிரித்தார். மணிமொழி எட்டிப் பார்த்தாள். சாம்பல் திரை. வெளிச்சம் இல்லை. முதுகில் பென்சில் பேட்டரிக்கு இரண்டு குழி.

அவளுக்கு ஜீப் சுற்றுகிறதா தலை சுற்றுகிறதா என்று தெரியவில்லை. இவள் மயிலைப் பார்த்து வாயூறிக் கிடந்த அதே மார்கழியில் அந்தப் புண்ணியவதி கொக்கைப் பார்த்து வாயூறிக் கிடந்திருக்கிறாள். இவள் அவளாக மாறிவிட்டாள், அவள் இவளாக மாறிவிட்டாள்.

"இதான் கொக்கு. இதைக் குடு," என்று செல்லியம்மாள் கை நீட்டினாள்.

"அது மயிலும்மா. பின்னாடி படத்தைப் பாரு," என்றார் முனியன்.

"படம் இன்னாவோ இருந்துட்டுப் போவுது. பேட்டரி போட்டு ஓடுனா கொக்கு," என்றாள் அவள். ஜீப்பில் மற்றவர்களும் அதையே சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். வெள்ளிமலையில் இறங்கும்போது ஒரு மயில்கூடத் திரும்பி வரவில்லை.

முனியனுக்கு மணிமொழியின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "நீ எதுக்கு தங்கச்சி மாத்துன? நல்லாத்தான இருந்துச்சு," என்றார். பெட்டியில் கொடுக்காமல் மிச்சமிருந்த ஒரு மயிலை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலையிறங்கிவிட்டாள் மணிமொழி.

வீட்டுக்கு வந்ததும் அதைப் பிரித்தாள். பார்த்த உடனே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உள்ளே இருந்தது அவளுடைய பழைய கொக்கேதான், ஒரு மஞ்சள் வயர் முதற்கொண்டு. அந்த வயருக்கு ஒரு வேலையும் கிடையாது. முதலில் வந்த பலகைகளில் ஸ்பீக்கருக்குக் கரண்டு போகும் பாதை அறுந்திருந்ததால் அந்த வயரால் ஒட்டுப்போட்டாள். பிறகு நல்ல பலகை வந்தும் கைப்பழக்கத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். எதற்கென்று தெரியாமலே சந்தியா அதையும் அச்சு அசலாகப் பற்றவைத்திருந்தாள்.

ஆனால் பேட்டரி ஸ்பிரிங் காய்ந்து கிடந்தது. விரலால் தடவிப் பார்த்தாள், பிசுக்கே இல்லை.

இளவரசன் தண்ணீர் பாய்ச்சப் போகும் டார்ச் லைட்டின் ஸ்பிரிங்கில் பனிக்காலத்தில் விளக்கெண்ணெய் தொட்டு வைப்பான். அதைப் பார்த்து இவள் கொக்குக்கும் தொட்டு வைத்தாள். அதனால்தான் எஸ்டேட் பனியிலும் கொக்கு துருப்பிடிக்காமல் வந்தது. சந்தியா கொக்கைப் பிரித்ததும் முதலில் என்ன செய்திருப்பாள் என்று மணிமொழிக்குக் கண்ணால் பார்த்ததுபோலத் தெரிந்தது. கம்பெனியில் அவள் வேலையே அதுதானே. ஸ்பிரிட்டை எடுத்து எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்திருப்பாள், துடைத்த பிறகுதான் பார்த்திருப்பாள். வேண்டாத வயரைப் பத்திரமாகக் காப்பியடித்தவள், வேண்டிய எண்ணெயை அழுக்கு என்று துடைத்துப் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை மோட்டார் கொட்டகைக்கு ஓடிப்போய்ப் புருஷனிடம் விஷயத்தைக் கொட்டினாள்.

"அப்ப மாசி பொறக்குறதுக்குள்ள மயிலு அத்தனையும் துரு ஏறி நின்னுடும். முனியன் உன்கிட்டதான் வரணும். மலை மொத்தமும் உன்னுது. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ வாயத் தொறக்காம சும்மா இரு," என்றான் இளவரசன்.

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அறை போகாது, மேசை போகாது, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். சும்மா இருக்கத் தீர்மானித்து வீட்டுக்கு வந்தாள். சாணி அள்ளினாள், பாத்திரம் விளக்கினாள், விளக்கிய பாத்திரத்தையே மறுபடி விளக்கினாள். செல்லியம்மாள் கொட்டகையில் மூட்டைமேல் உட்கார்ந்து செட்டைத் தட்டித் தட்டிப் பார்ப்பது கண்முன்னால் வந்துகொண்டே இருந்தது. கொக்கு நின்னுபோச்சு, கொக்கு இப்போ முன்ன மாதிரி இல்ல என்று அந்த வாய் சொல்வது காதில் கேட்டது. உச்சிப்பொழுதுக்குள் விளக்கெண்ணெய் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

சந்தியாவின் கடையில் பெட்டிகள் அடுக்கிக் கட்டிக் கிடந்தன. சாயந்திரம் மலைச் சரக்கை ஏற்ற முனியன் ஜீப் வரப்போகிறது. படியேறி வருகிறவளைக் கண்டதும் சந்தியா எழுந்து பெட்டிகளுக்கு முன்னால் நின்றாள்.

"சண்டை போட வந்தியாடி?"

"எண்ணெ போட வந்தேன்," என்று பாட்டிலை மேசையில் வைத்தாள் மணிமொழி. ஸ்பிரிங் விஷயத்தைச் சொன்னாள். சந்தியா கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

"தேங்காயெண்ணெ ஆவாதா?"

"குளுருல ஒறஞ்சிடும். இதுவும் ஜாஸ்தி ஆயிட்டா கரண்டு புடிக்காது. தொட்டுட்டுத் தொடச்சிடணும். நேத்து ஜீப்புல போனதுக்கு முனியண்ணன் கையில கொஞ்சம் எண்ணெ குடுத்தனுப்பணும்."

சந்தியா பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். "நீ சொல்லாம இருந்திருந்தா என் யாவாரம் மாசியோட குளோஸ். அது தெரிஞ்சும் எதுக்குடி வந்த?"

"உனக்காக வரல, அந்த நெனப்பு வேணாம்," என்றாள் மணிமொழி. "அங்க ஒருத்தரும் அத மயிலுன்னு சொல்லலடி. கொக்கு, கொக்குன்னுதான் கேட்டு வாங்குனாங்க. நின்னுபோனா உன்ன யாரும் திட்டமாட்டாங்க, கொக்கு கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லுவாங்க. அத என்னால கேக்க முடியாது."

சந்தியா முதல் பெட்டியின் கட்டைப் பிரித்தாள். இவள் எண்ணெய் தொட்டுத் தள்ள, அவள் துடைத்து மூடினாள். கம்பெனியில் உட்கார்ந்த அதே வரிசையில் கை தானாக ஓடியது.

பாதியில் சந்தியா கேட்டாள், "அந்த மஞ்ச வயரு எதுக்குடி? இன்னா பண்ணுதுன்னு ரோசனை பண்ணிப் பண்ணி மண்ட காஞ்சிபோச்சு எனக்கு."

"ஒண்ணுத்துக்கும் இல்ல."

சந்தியா அவளை முறைத்தாள். பிறகு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கடைசிப் பெட்டியைக் கட்டும்போது இளவரசனிடமிருந்து போன் வந்தது. சோள மூட்டை வண்டி வந்துவிட்டதாம், அப்பா இறக்கச் சொல்லிவிட்டாராம், மேசையை எங்கே போடுவது என்று கேட்டான். "இப்பத்திக்கு மேசைய வாசல்ல போடுங்க. கம்பி மட்டும் நனையாம பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு மணிமொழி போனை வைத்தாள். மேசை என்று சொல்லும்போது மனது அறுந்துதான் போயிற்று.

முனியன் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், எண்ணெய்க் கையோடு நிற்கிறவளைக் கண்டு திகைத்தார்.

"இன்னா தங்கச்சி, நீ இங்க இன்னா பண்ற?"

மணிமொழி சந்தியாவைத் திரும்பிப் பார்த்தாள். சந்தியா கட்டி முடித்த பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

"மலைக்குக் கொக்கு அனுப்ப வந்தேண்ணே," என்று சொல்லிவிட்டு, மயில் படம் போட்ட பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.