கடலுக்கு ஜுரம் பார்த்த குழாய்

மேஜையைச் சுற்றி மூன்று பேர் – முதலாளி, லேத் ஓட்டும் டர்னர் டேவிட் அண்ணன், நான். அம்மா இல்லை. நல்ல வேளை!

மேஜை மேல் எங்கள் கருவி. முழங்கை நீள ஸ்டீல் குழாய். உள்ளே சென்சார், சர்க்யூட், பேட்டரி. ஆழ்கடல் சேற்றில் குத்தி நின்று, சேற்றின் வெப்பநிலையைப் பதிய வேண்டும். வெளிநாட்டுக் கருவி ஆள் உயரம். இதை ஒரே ஆள் தூக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் ஷெட்டில் நான் வரைந்து, அண்ணன் கடைந்தது.

ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து போன வாரம்தான் திரும்பியது. மூடியைத் திருகித் திறந்தோம். கடல் தண்ணீர் கொட்டியது.

பதிவு? ஒரு எண்கூட இல்லை.

மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம். அதில் ஒரு தலைமுடி ஒட்டினாலும் போச்சு... அந்த ஆழத்து அழுத்தம் சும்மா விடுமா? வளையத்தை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு. துரு இல்லை – குங்குமம்.

கருவியை அனுப்பிய அன்று அம்மா மணிமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் செய்த பொருளாயிற்றே! "இன்னாடா, கடலுக்கு ஜொரம் பாக்குற குச்சியா?" என்று சிரித்தாள். நான் பெட்டி எடுக்கப் போன நேரம், திறந்திருந்த குழாயின் விளிம்பில் பொட்டு வைத்திருக்கிறாள்.

மூடியது அண்ணன். வளையத்தில் ஒரு தலைமுடி இருந்தாலே சண்டை போடுகிறவர்!

"தொடச்சிருக்கலாமேண்ணா?" என்று கிசுகிசுத்தேன்.

"உங்கம்மா பாத்துக்கினே நின்னாங்க தம்பி. நான் சர்ச்சுக்குப் போறவன். அவங்க வெச்ச பொட்ட நான் அழிச்சா இன்னா நெனைப்பாங்க?"

"மூடினது யாருய்யா?" – முதலாளி.

அண்ணன் என் காலை மிதித்தார். "நான்தான் சார். சரியா முறுக்கல."

"நல்லா முறுக்கின போ! கப்பல்ல இனிமே நமக்கு எடமில்ல. வெளிநாட்டு மெஷினே வாங்கிக்கிறாங்களாம். இத மூலையில போடு. ஒன் சம்பளத்துல ஆயிரத்து எரநூறு புடிச்சிக்கிறேன்."

ஒருவருக்கொருவர் நாம் பார்க்கும் முகதாட்சண்யம் கடலுக்குத் தெரியுமா என்ன?

வீட்டில் அம்மா கேட்டாள்: "ஜொரம் எவ்ளோ கீதுடா?"

"ஜில்லுனு கீதும்மா."

தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீங்களும் இதைப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

மறுநாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். சம்பளப் பிடித்தம் குறையவில்லை – இரண்டாகப் பிரிந்தது.

ஆளுக்கு அறுநூறு ரூபாய். குங்குமம் எட்டணா, தனி.