அமைச்சரே எதிர்த்து வாக்களித்த மசோதா

எங்கள் ஆரணிக் கல்லூரியின் அரசியல் அறிவியல் துறையில் எம்.ஏ. வகுப்பு தொடங்க அனுமதி கேட்டபோது, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தடித்த படிவம் வந்தது. அதில் ஒரு பக்கம் முழுக்கச் சாதனைகளுக்கு. மேல் பாதி ஆசிரியர்களுடையது, கீழ்ப் பாதி மாணவர்களுடையது. அதை நிரப்பும் வேலையைத் துறைத்தலைவர் மேடம் என்னிடம் தள்ளினார். துறையில் கதைப் புத்தகம் அதிகம் படிக்கிறவன் நான்தான் என்பது அவர் சொன்ன காரணம்.

மேல் பாதியில் உட்கார்ந்தேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டை இதுவரை மூன்று பேர் படித்திருக்கிறார்கள்: நான், தட்டச்சு செய்தவர், தேர்வாளர். மூன்றாமவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒருமுறை உள்ளூர் கேபிள் டி.வி.யில் தேர்தல் முடிவைக் கணித்து அடித்துப் பேசினேன். அதற்குப் பிறகு தேர்தல் வந்தாலே, காந்தி சாலையில் என்னைப் பார்க்கிற கட்சிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, "சார், எங்காளு ஜெயிப்பாருன்னு மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள். இரு தரப்பும் ஒரே கோரிக்கையோடு வரும் ஒரே மனிதன் நான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"உங்க சாதனை ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்றேன்.

"மணி அடிச்ச பிறகு நான் வகுப்புக்குப் போனதில்ல சார். ஒரு நாள் கூட."

அதற்கும் கட்டம் இல்லை.

மாணவர் பாதி இன்னும் சுத்தமாக இருந்தது.

"இது காலியாப் போச்சுன்னா எம்.ஏ. வராது சார்" என்றார் மேடம்.

வராவிட்டால் எங்களுக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. சம்பளம் அதேதான், பாடம் குறைவு. மூன்றாம் ஆண்டில் இருந்த ஒரு மாணவிக்குத்தான் எல்லாம் முழுகும். வீட்டில் தறி. காலையில் அன்றைக்கு வேண்டிய பட்டு நூலைச் சுற்றிக் கொடுத்துவிட்டு முதல் பெஞ்சில் வந்து உட்காருவாள். வாரம் தவறாமல் துறை வாசலில் நிற்பாள்.

"ஃபாரம் எந்த மட்டும் இருக்குது சார்?"

"எழுதிகிட்டிருக்கேம்மா."

"வேலூருக்குத் தினம் பஸ்ல போய் வர்றதெல்லாம் வேணாம்ன்றாங்க வீட்ல. ஆரணியிலயே எம்.ஏ. வந்தா படிச்சிக்கோ, இல்லன்னா இதோட போதும்னு சொல்லிகினு இருக்காங்க. ஜல்தியா அனுப்புங்க சார்."

இந்த நேரத்தில்தான் வேலூரில் ஒரு கல்லூரி, மாதிரி நாடாளுமன்றப் போட்டி அறிவித்தது. மாணவர்களே சபாநாயகர், அமைச்சர், எதிர்க்கட்சி என்று பிரிந்து உட்கார்ந்து ஒரு மசோதாவை விவாதித்து நிறைவேற்ற வேண்டும். பரிசு வாங்கினால் கீழ்ப் பாதி நிரம்பும். மேடம் சரி என்றார். மசோதாவை நானே எழுதினேன். கட்டாய வாக்களிப்பு மசோதா: தேர்தலில் ஓட்டுப் போடாதவர் அடுத்த தேர்தல் வரை அரசு வேலைக்கு மனுச் செய்ய முடியாது. என் எழுத்தில் இவ்வளவு கம்பீரமாக வேறெதுவும் வந்ததில்லை. பரபரப்பு வேண்டும் என்று ஆளுங்கட்சிக்கு ஒரே ஒரு உறுப்பினரை மட்டும் அதிகமாக வைத்தேன். அந்த மாணவி சட்ட அமைச்சர். பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும், வாய் ஓயாத ஒரு மாணவன் எதிர்க்கட்சித் தலைவர். யார் எந்த வரியில் எழுந்து கத்த வேண்டும் என்பது உட்பட எல்லாம் நான் எழுதிய வசனப் பிரதியில் இருந்தது.

போட்டி அன்று மற்ற கல்லூரிகள் வெள்ளை வேட்டியும் கதருமாக வந்தன. பட்டு நெய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் நல்லதாக உடுத்திக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஆளுங்கட்சி வரிசை முழுக்கப் பட்டுப்புடவை, எதிர்க்கட்சியில் சரிகை வேட்டி. சபாநாயகர் மாப்பிள்ளை போல நடுவில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த வேற்றூர்ப் பேராசிரியர் மெல்லக் குனிந்து, "முகூர்த்தம் எத்தனை மணிக்குங்க?" என்றார்.

அமைச்சர் அருமையாகப் பேசினாள். நான் எழுதிக் கொடுத்த இடத்தில் நிறுத்தி, எழுதிக் கொடுத்த இடத்தில் மேஜையைத் தட்டினாள். பிறகு எதிர்க்கட்சித் தலைவன் எழுந்தான். இரண்டு நிமிடம் பிரதிப்படி பேசினான். அப்புறம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"எங்கப்பா பெங்களூர்ல கட்டட வேலை செய்றாருங்க. போன தேர்தல்ல பஸ்ஸு கிடைக்காம நின்னுகினே இருந்து, ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள பூத்தை மூடிட்டாங்க. இந்தச் சட்டம் வந்தா, அவரு சோம்பேறின்னு அரசாங்கமே எழுதித் தரும். பஸ்ஸு விடாதது யாருன்னு இதுல எங்கனா இருக்குதா? மாண்புமிகு அமைச்சர் காட்டட்டும்."

அமைச்சர் என் மசோதாவைப் புரட்டினாள். முன்னும் பின்னும் புரட்டினாள். அதில் எங்கும் பஸ் இல்லை.

குரல் வாக்கெடுப்பில் 'ஆம்' என்பவர்களே அதிகம் என்று சபாநாயகர் சொல்லி முடித்திருந்தால் நிறைவேறியிருக்கும். பிரதியும் அதைத்தான் சொன்னது. ஆனால் எதிர்க்கட்சித் தலைவன் எழுந்து, தலைகளை எண்ண வேண்டும் என்று கேட்டான். விதிப்படி அதற்கு அவனுக்கு உரிமை உண்டு. அந்தப் பாடத்தை நடத்தியவனும் நானே. எண்ணினார்கள். 'ஆம்' என்பவர்கள் கை தூக்கியபோது அமைச்சரின் கை மடியிலேயே இருந்தது. 'இல்லை' என்றபோது எழுந்தது. மசோதா ஒரே ஒரு ஓட்டில் தோற்றது.

நடுவர் சட்டமன்றச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"கொண்டுவந்த மந்திரியே எதிர்த்தா எப்படிம்மா?"

"தப்புதாங்க ஐயா. ராஜினாமா பண்ணிட்றேன். ஆனா அவரு கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

"அரசாங்கமே கவுந்துடுச்சேம்மா."

உடனே எதிர்க்கட்சித் தலைவன் எழுந்தான். "கவுக்க வேண்டியதில்லைங்க ஐயா. நிதி மசோதா தோத்தாத்தான் ஆட்சி போவும், இது அது இல்ல. மந்திரி மட்டும் போனா போதும்."

நடுவர் சற்று யோசித்து, அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மசோதாவை நிறைவேற்றிக் காட்டுவது போட்டி விதி. ஆளுக்கொரு பங்கேற்புச் சான்றிதழோடு அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் முன்னாள் அமைச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து சான்றிதழைச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கட்சித் தலைவன் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "நீ இன்னாத்துக்கு எனக்குக் கை தூக்கின? நான் சும்மா சவுண்டுதானே வுட்டேன்" என்றான்.

"போடா. நீ சவுண்டு வுட்ட. நான் கேட்டுட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எம்.ஏ. போச்சுல்ல சார்?"

நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என் கணிப்புகளின் சரித்திரம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

மறுநாள் படிவத்தில், 'மாதிரி நாடாளுமன்றப் போட்டியில் எங்கள் மாணவர்கள் பலரது கவனத்தையும் ஈர்த்தனர்' என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. மேடம் படித்தார், பேனாவைத் திறந்தார், ஒரே கோடாக அடித்தார். கீழே தன் கையெழுத்தில் எழுதினார்: 'எங்கள் மாணவி, அமைச்சராக இருந்து தான் கொண்டுவந்த மசோதாவை, எதிர்வாதம் சரியென்று பட்டதால் எதிர்த்து வாக்களித்து, அங்கேயே பதவி விலகினார்.'

"இதைப் போய்ச் சாதனைன்னு எழுதலாமா மேடம்?"

"இதைவிடப் பெருசா நம்மகிட்ட வேற இருக்குதா சார்?"

இல்லை.

அடுத்த மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து மூவர் குழு வந்தது. நூலகத்தைப் பார்த்தார்கள், நாற்காலிகளை எண்ணினார்கள். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் குழுத்தலைவர் நிமிர்ந்தார். "யார் இந்தப் பொண்ணு? கூப்பிடுங்க."

அவள் வந்து நின்று, அது என்ன மசோதா என்று சொன்னாள். கட்டாய வாக்களிப்பு தேவை என்பது தன் கருத்து என்றார் தலைவர். "ஓட்டுன்றது கடமைதானே?"

"கடமைதாங்க சார். ஆனா போட வர்றவங்களுக்கு வழி பண்ணிட்டுக் கட்டாயப்படுத்துங்க. தறியை வெச்சிக் குடுக்காமலே புடவை எங்கேன்னு கேக்கற மாதிரி இருக்குது."

தலைவர் பதில் சொல்லும் முன் குழுவின் இரண்டாவது உறுப்பினர், "அவங்க சொல்றதுல நியாயம் இருக்குங்க" என்றார். மூன்றாவது உறுப்பினரும் தலையாட்டினார். தலைவர் இருவரோடும் சண்டைக்குப் போனார். அரை மணி நேரம் ஓடியது. நாங்கள் மெனக்கெட்டு வாங்கி வைத்திருந்த டீ ஆறி ஏடு கட்டியது. கடைசியில் தலைவர் சிரித்துவிட்டார்.

"சரிம்மா. இங்கயும் மசோதா தோத்துப்போச்சு. ரெண்டுக்கு ஒண்ணு." பிறகு எங்களைப் பார்த்து, "ஆமா, இவ்வளவு ஓட்டையா இதை எழுதிக் கொடுத்தது யாரு?" என்றார்.

நான் மின்விசிறியைப் பார்த்தேன். மேடமும் அதையே பார்த்தார். மாணவி என்னைப் பார்த்தாள், பிறகு நல்ல பிள்ளையாக அவளும் மின்விசிறியைப் பார்த்தாள்.

கோடை விடுமுறையில் அனுமதி ஆணை வந்தது. மேடம் அவளுக்குப் போனில் சொன்னதும் மறுமுனையில் தறிச் சத்தம் நின்றதாம். பிறகு, "எப்போ மேடம் அப்ளிகேஷன் தருவீங்க?" என்று கேட்டாளாம்.

இப்போது எம்.ஏ. வகுப்பிலும் முதல் பெஞ்சில்தான் உட்காருகிறாள். நான் எதையாவது அடித்துச் சொன்னால் கை தூக்குகிறாள். பெரும்பாலும் 'இல்லை' பக்கம்.

அனுமதியைப் புதுப்பிக்க இந்த ஆண்டும் அதே படிவம் வந்தது. கீழ்ப் பாதிக்கு இடம் போதாமல் தனித் தாள் இணைத்தோம். மேல் பாதியில் என் பெயருக்கு நேரே, வெகு நேரம் யோசித்து, 'மசோதா ஒன்றை எழுதினார். தோற்றது' என்று எழுதினேன். மேடம் படித்தார், பேனாவைத் திறந்தார். அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.