வேட்டுதான் என்று சொன்னேன்

எங்கள் பரளச்சிப் பக்கம் சாமி புறப்பட்டால் வேட்டு, பிணம் புறப்பட்டால் வேட்டு, கட்சிக்காரர் கார் ஊருக்குள் நுழைந்தால் வேட்டு. போன ஆடியில் மட்டும் ஒன்பது நாள் கேட்டேன். எண்ணுவது என் வியாதி. முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன்.

தம்பி மகன் வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தான். கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் வளாகத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் நாள் காலையில் நான்தான் அவனைப் போனில் கூப்பிட்டேன். சாப்பிட்டாயா, தலையில் துண்டு போட்டிருக்கிறாயா என்று நச்சரித்தேன். வாசலில் போலீஸ் நிற்பதாகச் சொன்னான். அப்போது ஒரு சத்தம்.

"பெரியப்பா, ஏதோ வெடிக்குது. எல்லாரும் எந்திரிக்காங்க."

"வேட்டாத்தான் இருக்கும்லே. எவனாவது பெரிய மனுசன் வருவான். கூட்டத்துல மிதிபட்றாத, உக்காரு."

பதினொரு விநாடி கழித்து அடுத்த சத்தம். உடனே இன்னொன்று. அதற்குமேல் அவன் பேசவில்லை. போலீஸ் சுட்டதில் இறந்தவர்கள் மூன்று பேர், அவனும் ஒருவன். அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மதில் மறைவுக்குப் பதினாறு எட்டு வைத்தால் போதும். பிறகு நேரில் போய் நடந்து பார்த்தேன்.

எச்சரித்த பிறகுதான் சுட்டோம், அவர்கள் கல்லெறிந்தார்கள் என்று போலீஸ் தரப்பு சொன்னது. விசாரணை வைத்தார்கள். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை, அவன் கல்லைத் தொடவில்லை என்பதற்கு என் காதுதான் சாட்சி. நான் சாட்சி சொல்லி, மகன் பெயரில் ஒட்டிய அந்தக் கல்லை எடுத்துப்போட வேண்டும் என்று தம்பி கெஞ்சினான். ஆனால் பேசியதில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்க முடியாது. முழுதும் சொன்னால் தம்பி முகத்தில் விழிக்க முடியாது. வயிறு சரியில்லை என்று இரண்டு முறை தேதி தள்ளினேன்.

மூன்றாம் முறை போய், 'உக்காரு' என்றதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். தம்பி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் என்னை விட்டு முன்வரிசைக்குப் போய்விட்டான். பந்தல்குடி தாண்டியதும் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, வேட்டுன்னு நீங்க சொன்னதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"சரி பெரியப்பான்னான்."

"அப்பப் பயமில்லாமத்தான் இருந்திருக்கான், என்னண்ணே?"

சரி என்று சொன்ன பிறகு போனில் அவன் மூச்சு நாய் இரைப்பதுபோல வேகவேகமாகக் கேட்டது. விசாரணையில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"ஆமாப்பா, பயப்படல" என்றேன்.