ஒரே பாத்திரம், இரண்டு வரிசை

எங்கள் சபைக்குப் பெருமைப்பட நிறைய இருக்கிறது. மதுரையில் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தோம், புருஷனை இழந்தவர்களுக்கு மறுகல்யாணம் செய்து வைத்தோம், கூலிக்காரர்களுக்கு ராத்திரிப் பள்ளி நடத்தினோம் என்று ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சொல்வார்கள். உண்மைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் விட அவர்களுக்குப் பிடித்தது பாத்திரத்தின் கதை.

அந்தக் காலத்தில் திருவாதவூர்ப் பக்கத்திலிருந்து பண்ணைக் கூலிகள் வந்து ஞானஸ்நானம் வாங்கினார்கள். திருவிருந்தில் அவர்கள் வாய் வைத்த பாத்திரத்தில் நாங்கள் திராட்சை ரசம் குடிக்க மாட்டோம் என்று டவுன் கிறிஸ்தவர்கள் எழுந்து நின்றார்களாம். ஒரே பாத்திரத்தில் குடிக்கிறவன் இருக்கலாம், மற்றவன் வீட்டுக்குப் போகலாம் என்று அப்போதிருந்த வெள்ளைக்காரப் போதகர் சொல்லிவிட்டாராம். பாதிச் சபை போனதாம். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து குடித்தார்களாம். அதோடு எங்கள் சபையில் சாதி ஒழிந்தது. இப்படித்தான் முடிப்பார்கள். கைதட்டல் வரும்.

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்தேன். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. என் வீட்டுக்காரர் மாநகராட்சியில் பாதாளச் சாக்கடைப் பிரிவில் இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குழிக்குள் இறங்கியவர். இப்போது மேஸ்திரி. இப்போது யாரும் இறங்குவதில்லை, மெஷின் வந்துவிட்டது என்கிறார். நான் பாதிதான் நம்புகிறேன். மேடையில் சொல்கிற கதையில் வருகிற பண்ணைக் கூலிகள் இவருடைய பாட்டன் பூட்டன்கள்தான். அது சபையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சாதி பேசியது ஆகிவிடும். எங்கள் சபையில்தான் சாதி ஒழிந்துவிட்டதே.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் உள்ள மரக் கிராதியில் வரிசை வரிசையாகப் போய் முழங்கால் போடுவோம். ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு என்பதெல்லாம் எங்கள் சபையில் கிடையாது, கலந்து போகலாம். போதகர் ஒரு துண்டு அப்பம் தருவார். பிறகு வெள்ளிப் பாத்திரத்தை ஒருவர் வாயில் வைத்து, விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு நகர்வார். எல்லோரும் குடித்த பிறகு மிஞ்சியதைப் போதகரே குடித்து முடிக்க வேண்டும். கீழே ஊற்றக் கூடாது. அது முறை.

என் வீட்டுக்காரர் எப்போதும் கடைசி ஆள். முன் பெஞ்சில் உட்கார்ந்தாலும் எழுந்திருக்க மாட்டார். கடைசி வரிசையில், கடைசி ஆளாகப் போய் முழங்கால் போடுவார். கல்யாணமான புதிதில் இதை நான் பக்தி என்று நினைத்தேன். ஒரு போதகர் இதை வைத்துப் பிரசங்கமே செய்தார். நம் சகோதரரைப் பாருங்கள், எவ்வளவு தாழ்மை, எப்போதும் பிறருக்கு வழிவிடுகிறார் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

அன்றைக்கு வீட்டில் கேட்டேன்.

"ஏங்க, ஒருநாளாச்சும் நடுவுல போனா என்ன?"

"எங்கப்பா கடேசிதான். தாத்தாவும் கடேசிதான்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

"எனக்குப் பின்னாடி ஒருத்தன் குடிக்கணும்ல. அவன் மூஞ்சி போற போக்க நான் ஏன் பாக்கணும்? கடேசில போனா யார் மூஞ்சியும் பாக்க வேணாம். சோத்தப் போடு."

சோற்றைப் போட்டேன். 

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். அவருக்குப் பின்னால் குடிக்க வேண்டிய ஒரே ஆள் போதகர்தான். ஒரு போதகர் பாத்திரத்தைத் துடை துடை என்று துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பார். அவர் பரவாயில்லை. அவருக்குப் பிறகு வந்தவர் அதைவிடக் கெட்டிக்காரர். பாத்திரத்தை இவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே முடிச்சிருங்க பிரதர்" என்றார். இவர் அண்ணாந்து குடித்துவிட்டுக் கொடுத்தார். மாதா மாதம் இதே நடந்தது. போதகர் செய்ய வேண்டியதைத் தனக்குக் கொடுத்திருக்கிறார் என்று இவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.  சந்தோஷமாக இருக்கிற மனிதனிடம் என்னவென்று சொல்வது?

பிறகு கொரோனா வந்தது. கோயிலைப் பூட்டினார்கள், திறந்தார்கள். திறந்தபோது பாத்திரம் இல்லை. ஆளுக்கொரு சின்ன பிளாஸ்டிக் கப். இருமல் மருந்து அளந்து கொடுப்போமே, அந்த அளவு. நர்ஸ் என்ற முறையில் நான் அதைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அதுதான் சரி. கொரோனா போனது. கப் போகவில்லை. யாருக்கும் பாத்திரம் ஞாபகம் வரவில்லை. ஆண்டு விழா நெருங்கியபோதுதான் அதை எடுத்து, பாலிஷ் போட்டு, வாசல் பக்கம் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். சாதியை ஒழித்த பாத்திரம் என்று பெட்டியில் எழுதியிருந்தது. பிள்ளைகள் பக்கத்தில் நின்று செல்பி எடுத்தார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் வீட்டுக்காரர் ஒரு தடவையாவது வரிசையின் நடுவில் முழங்கால் போட வேண்டும். அதே பாத்திரத்தில் குடிக்க வேண்டும். அவருக்குப் பின்னால் இன்னொருத்தர் குடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். பாத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுங்கள், அதில் குடிக்கக் கொடுங்கள் என்றேன்.

செயலர் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பாத்திரத்தின் கதையை மேடையில் சொல்கிறவர் அவர்தான். "சிஸ்டர், நீங்களே நர்ஸு. நீங்க இப்படிப் பேசலாமா? ஹைஜீன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

"இருக்கு சார். போன வாரம் உங்க பேரன் பிறந்தநாளைக்கு ஒரே கேக்குத் துண்ட ஊரே கடிச்சிச்சே, அதுக்கும் ஹைஜீன் இருந்துச்சா?"

பின்னாலிருந்து சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க எதையோ மனசுல வச்சுப் பேசுறீங்க. நம்ம சபையில அதெல்லாம் கெடையாது."

"எதெல்லாம் சார்?"

 ஒரு அம்மா எழுந்து, "எனக்குச் சுகர் இருக்கு, வயசாச்சு, அடுத்தவுக எச்சி வேணாம்னா அது தப்பா ஆத்தா?" என்று கேட்டார். தப்பில்லை.  எச்சிலில் என்னென்ன பரவும் என்று எனக்குத் தெரியும். பரவாது என்று பொய் சொல்ல என்னால் முடியவில்லை. என் வாய் அடைத்தது அந்த ஒரு கேள்வியில்தான்.

அப்போது புதுப் போதகர் எழுந்தார். சின்ன வயது, யாரையும் பகைக்காதவர். "ரெண்டும் வச்சிருவோம். கிராதிக்கு வலப்பக்கம் சின்னக் கப், இடப்பக்கம் பாத்திரம். அவங்கவங்க மனசாட்சிப்படி போகட்டும்" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த மடச்சி நான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவருக்குக் கோபம். "ஏம்புள்ள, ஒன்னையக் கேட்டாகளா? கப்பு வந்த பெறகு நான் நிம்மதியா குடிச்சிட்டு வாரேன். எவனும் பாக்குறதில்ல. இப்ப மறுபடி எல்லாத்தையும் பாக்க வச்சிட்ட."

"பாக்கட்டும்."

"ஒனக்கென்ன. பாக்குறது என்னையத்தான."

முதல் ஞாயிறு வந்தது. பாத்திரத்தின் பக்கம் நான் போய் முழங்கால் போட்டேன். தலையைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர், எனக்காக வந்தவர்கள். சாக்கடைப் பிரிவிலேயே வேலை பார்க்கிற ஒரு தம்பி, அவன் பெண்சாதி. காலேஜ் ஹாஸ்டல் பையன்கள் இரண்டு பேர், வேடிக்கைக்கு வந்த மாதிரி. அவ்வளவுதான். அந்தப் பக்கம் கோயில் முழுக்க நின்றது. மேடையில் கதை சொல்கிறவர், கதையைக் கேட்டுக் கைதட்டுகிறவர்கள், எல்லோரும் அங்கே. யாரும் யாரையும் விரட்டவில்லை. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. மனசாட்சிப்படி நடந்து போய் நின்றார்கள். நின்றதும் யார் யார் என்று கோடு போட்ட மாதிரி தெரிந்தது. அந்தக் கோட்டைப் போட்டது நான்தான்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். கடைசிக்குக் காத்திருக்கவில்லை. நடுவழியில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு வலப்பக்கம் போனார். கூட்டத்துக்கு நடுவில் முழங்கால் போட்டார். அவருக்குப் பக்கத்தில் செயலர். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம்கூடக் கொடுத்தார். ஆளுக்கொரு கப். மேலே தூக்கிக் குடித்தார்கள். யார் முகமும் மாறவில்லை. மாற என்ன இருக்கிறது?

என் வாய்க்குப் பாத்திரம் வந்தது. குடித்தேன். எனக்குப் பிறகு ஹாஸ்டல் பையன் குடித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

திரும்பி வரும்போது வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். மேம்பாலத்தில் ஏறும்போது அவரே சொன்னார்.

"நடுவுல நிக்கச் சொன்னியே. நின்னுட்டேன்ல."

"கப்புல."

"அந்தப் பக்கம் நம்மாளுக மட்டும்தான் நின்னீக. நம்மாளுகளோட ஒரே பாத்திரத்துல குடிக்கிறதுக்கு எனக்குக் கோயில் எதுக்கு? நம்ம வீட்லதான் தெனமும் குடிக்கிறோமே."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊர் முழுக்கக் குடிக்காத பாத்திரம் வெறும் பாத்திரம். அவரவர் மனசாட்சி என்று சொல்லிப் பாத்திரத்தைத் தனியாக ஒதுக்கி வைத்தபோது நானும் கை தூக்கினேனே.

அடுத்த மாதம் போதகர் போன் செய்தார். பாத்திரத்தின் பக்கம் ஆள் வருவதில்லை, ரசம் மிஞ்சிப் போகிறது, தொடரலாமா, உங்களுக்கு வருத்தம் இருக்குமா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் டியூட்டி மாறுகிற நேரம். ஒரு கையில் டிரிப் பாட்டில்.

"எடுத்துருங்க ஐயா" என்றேன்.

"சிஸ்டர், மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

"வச்சிருக்கேன் ஐயா. அத நான் பாத்துக்கிறேன். ஆண்டு விழாவுல அந்தக் கதைய மட்டும் இந்தத் தடவ சொல்ல வேணாம்னு செயலர்கிட்ட சொல்லுங்க."

அவர் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஆண்டு விழாவுக்கு நான் போகவில்லை. இவர் போனார். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பிரியாணி நல்லா இருந்துச்சு என்று மட்டும் சொன்னார்.