தாமோதரன் சாரும் கேட்டுக்கு வெளியே நின்ற வேனும்

தாமோதரன் சார் போய்விட்டார். நேற்று விடியற்காலை, தருமபுரியில், சொந்த வீட்டில்... தூக்கத்திலேயே.

நல்ல சாவு. அவருக்கு எல்லாமே நல்லபடியாகத்தான் நடக்கும்.

எங்கள் ரிட்டயர்டு ஸ்டாஃப் குரூப்பில் நேற்றிலிருந்து கும்பிடும் கைகளும் பூங்கொத்துகளுமாக வந்து விழுகின்றன. 'நேர்மையின் மறுபெயர்' என்கிறார் ஒருவர். 'ஆபீஸையே திருத்திய மனிதர்' என்கிறார் இன்னொருவர்.

இரண்டுமே உண்மை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

எண்பதுகளில் தொழிலாளர் இன்சூரன்ஸ் ஆபீஸில் அவர் மேனேஜர், நான் கிளார்க். மில், பட்டறை ஆட்களுக்கு நோய், காயம் என்றால் உதவித்தொகை... வேலையில் செத்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் பென்ஷன். அதைக் கொடுப்பதற்குத்தான் நாங்கள் இருந்தோம்.

அவர் வருவதற்கு முன்னால் அங்கே புரோக்கர் ராஜ்ஜியம். செத்துப்போன ஆளின் பெயரில்கூட எவனோ கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டு போவான்.

சார் வந்ததும் ஒரு ரூல் போட்டார். யாராக இருந்தாலும் நேரில், கவுண்டருக்கு வர வேண்டும். இறந்தவரின் குடும்பம் என்றால் மூன்று மாதத்துக்குள் வர வேண்டும், இல்லையென்றால் ஃபைல் க்ளோஸ்.

புரோக்கர்கள் இருந்த இடம் தெரியவில்லை. நாங்களே கைதட்டினோம்.

ஒரு தடவை நல்லம்பள்ளியிலிருந்து ஒருத்தர் வந்தார், மெஷினில் விரல்கள் போனவர். டாக்டர் சர்ட்டிபிகேட் கையில் இருந்தது. "கட்ட அவுருங்க, பாக்கணும்" என்றார் சார்.

அத்தனை பேர் முன்னால் அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தார். சார் குனிந்து பார்த்துவிட்டு, "சரி, கட்டிக்குங்க" என்றார்.

அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. சார் சாப்பிட்டார். தயிர் சாதம், மோர் மிளகாய்.

அப்புறம் ஜமீலா...

பாலக்கோடு பக்கம் ஒரு தனியார் மில்லில் அவர் கணவர் மெஷினில் சிக்கி இறந்துபோனார். மூன்று பெண் குழந்தைகள். பென்ஷன் வந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

ஜமீலா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டார்கள், அந்நிய ஆண்கள் முன்னால் நிற்கமாட்டார்கள். சாருடைய கெடுவோ மூன்று மாதம்.

ஜமீலாவின் தம்பி அன்வர் வந்து கெஞ்சினார். "எங்கக்கா இத்தாவுல இருக்குதுங்க சார். வூட்டுக்கு யாரையாச்சும் அனுப்பிப் பாத்துக்குங்க."

"ஒருத்தருக்கு அனுப்புனா எல்லாருக்கும் அனுப்பணும்."

"நான் போறேன் சார், பொம்பளதானே" என்றேன். "நீங்க பொம்பளதான், மேனேஜர் இல்ல" என்றார். ஆபீஸே சிரித்தது.

கெடுவின் கடைசி நாள் ஜமீலா வந்தார். பிள்ளைகளின் சோற்று விஷயம், போய் வரட்டும், ஆனால் வண்டியை விட்டு இறங்க வேண்டாம் என்று ஜமாத் பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிய வாடகை வேன் ஒன்று ஆபீஸ் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது.

வராந்தா முழுக்க ஆண்கள். எல்லோரும் நேரில் வர வேண்டும் அல்லவா...

"வண்டிக்குள்ளாறதான் இருக்குதுங்க சார். நீங்க மட்டும் ஒரு எட்டு வந்து மொகத்தப் பாத்துருங்க சார்." அன்வர் அழுதேவிட்டார்.

சார் தலையை நிமிர்த்தவில்லை. "மேனேஜர் வேனுக்கு வரமாட்டாரு. அவங்கள கவுண்டருக்கு வரச் சொல்லுங்க."

அவர் சீட்டிலிருந்து பார்த்தாலே வேன் தெரியும். உள்ளே சின்னக் குழந்தை அழுவதும் கேட்டது. சார் ஃபேனைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடினோம். அதற்குப் பிறகுதான் வேன் கிளம்பியது.

'போதிய வாய்ப்பளித்தும் நேரில் ஆஜராகவில்லை' என்று ஃபைலில் எழுதினார். அப்பீல் போனார்கள்... மேலே இருந்தவர்கள் அதே வரியைத் திருப்பி அனுப்பினார்கள்.

மூத்த பெண் ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, தக்காளி மண்டிக்குத் தரம் பிரிக்கப் போனாள். நன்றாகப் படிக்கிற பெண்.

அந்த வருடம்தான் எங்களுக்கு 'மாடல் ஆபீஸ்' ஷீல்டு கிடைத்தது. சார் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். கைக்காசில்தான்... ஆபீஸ் காசில் ஒரு டீ குடித்தவர் இல்லை.

அப்போதிலிருந்தே ஜமீலாவோடு எனக்குப் பழக்கம். நேற்று போன் போட்டுச் சொன்னேன். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார். அப்புறம், "நானும் வர்றேன் மேடம்" என்றார்.

மூட்டு தேய்ந்து வீட்டுக்குள் நடப்பதே கஷ்டம் அவருக்கு. ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன்.

வாசலில் ஷாமியானா, கண்ணாடிப் பெட்டிக்குள் சார். ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது.

சாருடைய மகன் ஓடி வந்தார். நல்ல பிள்ளை. "எறங்கி வாங்கம்மா, நான் கையப் புடிச்சிக்கறேன். அப்பா மொகத்த ஒரு தரம் பாத்துட்டுப் போங்க."

ஜமீலா அசையவில்லை.

"நான் அங்க வரமாட்டேன் தம்பி. உங்கப்பாவ எந்திரிச்சி வண்டிக்கு வரச் சொல்லுங்க. அஞ்சு மணி வரைக்கும் இருக்கறேன்."

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன்.

நாலரைக்கே எடுத்துவிட்டார்கள். அமரர் ஊர்தி எங்கள் ஆட்டோவை ஒட்டித்தான் போனது.

ஜமீலா முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

போய் வாருங்கள் சார்.