இத்தாவில் இருந்துகொண்டே கோழி வளர்த்தேன்

சுனாமி அடித்து இரண்டு வருடம் இருக்கும், சண்டை இன்னும் முடியாத காலம். கல்முனைக்குப் பக்கத்தில் கடற்கரையோரமாக இருக்கிற எங்கள் ஊரில் நான் இத்தா இருந்தேன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கணவன் மௌத்தானால், அதாவது இறந்தால், எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருப்பார்கள், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. என் கணவர் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழும்பவேயில்லை. அந்தத் துக்கத்தைப் பற்றி எழுத என்னால் முடியாது. கோழியைப் பற்றி எழுதுகிறேன்.

கடல் கொண்டு போனதுபோக மிஞ்சிய வளவில், குஞ்சு வாங்கி நான் தனியாக வளர்த்து ஆளாக்கிய கோழிகள் அவை. அவர் போன பிறகு யாரிடமும் கை நீட்டாமல் இருக்க எனக்கிருந்த ஒரே வழியும் அவைதான். ஆனால் கோழிக்கு இத்தா தெரியுமா? காலையில் கூடு திறக்க வேண்டும், தீன் போட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், மாலையில் அடைக்க வேண்டும். எங்கள் மதிலையும் கடல் கொண்டு போயிருந்தது. அடுத்த வளவில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், காரைதீவுப் பக்கத்திலிருந்து வருகிற தமிழ் மேசன்மார். நான் பின்கதவைத் திறந்தால் நேரே அவர்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டும். என்னோடு இருந்த உம்மாவுக்கோ முழங்கால் வருத்தம், ஒரு நாளைக்கு நாலு தரம் நடக்க ஏலாது.

என் கணவரின் மூத்த சகோதரர், பெரிய மச்சான், கோழிகளை எல்லாம் விற்றுவிடச் சொல்லி ஆள் அனுப்பினார். இத்தா இருக்கிற பெண்ணுக்குக் கோழி என்ன கோழி என்று கேட்டாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன்.

சமைக்கிற குசினி யன்னலில் இருந்து கோழிக் கொட்டிலுக்குள் சாய்வாக ஒரு பைப் வைத்தோம். அதற்குள் அரிசிக் குறுணலைக் கொட்டினால், கோழி தின்னத் தின்னத் தீன் தானாக இறங்கும். கூட்டுக் கதவை மேலே தூக்குகிற மாதிரி மாற்றி, வலைக் கயிறு கட்டி, யன்னலுக்குள் ஓர் ஆணியில் மாட்டினேன். காலையில் இழுத்தால் திறக்கும், மாலையில் விட்டால் மூடும். தண்ணீர்தான் பெரிய பாடு. நிவாரணத்துக்குக் கிடைத்த நீலப் பிளாஸ்டிக் பரலைக் கல்லில் ஏற்றி, குசினிக் குழாயில் இருந்து அதற்கு ஹோஸ் கொடுத்தேன். கடல் உடைத்துப் போட்ட கக்கூஸ் தொட்டியின் மிதவையைக் கழற்றிப் பரலின் கீழே, கோழிகள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் பூட்டினால், அதில் தண்ணீர் குறையக் குறையத் தானாகத் திறந்து நிரப்பும். வெளியே நின்று எல்லாவற்றையும் பூட்டியது உம்மா. நான் யன்னலுக்குள் நின்று சொல்லச் சொல்ல, கையில் குறடோடு ஏசி ஏசிப் பூட்டினார்.

"கக்கூஸ்ச் சாமானால கோழிக்குத் தண்ணி குடுக்கிற முதல் ஆள் நீதான்கா" என்றார். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது.

எல்லாம் நன்றாகவே ஓடியது. நான் வெளியே காலடி வைக்கவில்லை, கோழிகளுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை வந்தது.

கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு நாள், உம்மா கிளினிக்குக்காகக் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பகல் யன்னலால் பார்க்கிறேன், தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடக்கிறது. பரல் நிறையத் தண்ணீர் இருந்தும் ஒரு சொட்டு இறங்கவில்லை. கோழிகள் வாயைப் பிளந்து, சிறகைத் தொங்கவிட்டு நிற்கின்றன. ஒன்று ஏற்கனவே சரிந்துவிட்டது. சுனாமியில் இடம்பெயர்ந்த பக்கத்து வீட்டார் யாரும் இன்னும் கரைக்குத் திரும்பி வரவில்லை. மேசன்மாரைக் கூப்பிட்டு வளவுக்குள் எடுத்தால் அது இன்னும் பெரிய கதையாகும்.

நான் யோசித்தது கொஞ்ச நேரம்தான். முக்காட்டை இழுத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தேன்.

சாந்து குழைக்கிற சத்தம் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டு தொட்டிப் பக்கம் நடந்தேன். அப்போது ஒரு குரல் கேட்டது. "டேய், எல்லாரும் கடல் பக்கம் திரும்புங்கடா. தங்கச்சி, நீங்க உங்கட வேலையப் பாருங்க."

நிமிர்ந்து பார்த்தேன். தலைமை மேசனும் மற்றவர்களும் கரண்டியும் கையுமாகக் கடலைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். ஒருவரும் திரும்பவில்லை. மிதவையின் வாயில் கோழி இறகு ஒன்று அடைத்திருந்தது. முக்காட்டு ஊசியால் குத்தி எடுத்தேன், தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. சரிந்த கோழியின் வாயில் விரலால் சொட்டுச் சொட்டாக விட்டேன், அது கண்ணைத் திறந்தது. உடனே ஓடி ஒளியவில்லை நான். கடைசிக் கோழியும் குடித்து முடியும்வரை அங்கேயே நின்றேன்.

தெருவால் போன யாரோ சொல்லி, பின்னேரமே பெரிய மச்சான் ஓட்டோவில் சாக்கோடு வந்து இறங்கினார். முதலில் மேசன்மாரிடம்தான் போய், நான் வெளியே வந்தேனா என்று கேட்டார்.

"நாங்க ஒருத்தரையும் காணல்ல நானா. கடலத்தான் பாத்துக்கொண்டு நிண்டம்" என்றார் அந்தத் தலைமை மேசன், அண்ணனுக்கு நாங்கள் சொல்கிற சொல்லாலேயே அவரை அழைத்து.

எனக்காக அவர் அழகான ஒரு வாசலைத் திறந்து விட்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பியிருப்பேன். ஆனால் நான் என்ன களவா எடுத்தேன்? பெரிய மச்சான் சாக்கை உதறிக்கொண்டு கூட்டுப் பக்கம் வந்ததும் யன்னல் திரைக்குப் பின்னால் நின்று சொன்னேன்.

"ஓம் மச்சான், நான்தான் போனன். தண்ணி இல்லாட்டி நாளைக்கும் போவன். இந்த வீடும் வளவும் என்ர சீதனம். மார்க்கப்படி நீங்களும் எனக்கு அந்நிய ஆம்புளதான். அந்த மேசன்மாராவது திரும்பி நிண்டாங்க. நீங்க ஆரைக் கேட்டு என்ர வளவுக்குள்ள வந்த?"

அவர் முகம் எப்படிப் போனது என்று தெரியாது, திரை இருந்ததே. சாக்கு நிலத்தில் இழுபடுகிற சத்தமும் ஓட்டோ கிளம்புகிற சத்தமும் கேட்டன. அதற்குப் பிறகு கோழியை விற்கச் சொல்லி யாரும் வரவில்லை.

தேவைக்கு வெளியே போக மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்று பிறகு ஒரு மௌலவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது தெரியாமலேதான் போனேன், தெரிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் போயிருப்பேன். நான் இத்தாவை விட்டு எழும்புவதற்குள் மேசன்மார் வேலையை முடித்துப் போய்விட்டார்கள். தமிழரும் சோனகர் என்கிற எங்கள் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த அந்தக் காலத்தில் எனக்காகத் திரும்பி நின்ற அந்த மனிதரின் முகத்தை நான் கண்டதேயில்லை, ஆனாலும் மரியாதை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், சாந்து காய்ந்த அந்த முதுகுதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் வருகிறது.