முழுக்கை ரவிக்கை

எழுபதுகளில் ஒரு சித்திரை வெயிலில் அந்தப் பெண் எங்கள் பீங்கான் பட்டறைக்கு வந்தாள். பட்டணத்தில் மனோதத்துவ மேல்படிப்பு. மனிதர்கள் தங்களையே காயப்படுத்திக்கொள்வதையும், விட முடியாத பழக்கங்களையும் ஆராய்கிறாளாம். ஒட்டடைக்குச்சி உடம்பு, தடித்த கண்ணாடி, அந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கை. அந்தக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள்.

பொம்மைகளுக்குச் சாயம் பூசும் பெண்களான எங்களிடம் வெற்றிலை, மூக்குப்பொடி, மண் தின்பது எல்லாம் விசாரித்தாள். பிறகு, "கோபம் வந்தா உங்களையே காயப்படுத்திக்குவீங்களா?" என்றாள்.

"நாங்க எதுக்கும்மா? அந்த வேலைக்குத்தான் வூட்ல ஒரு ஆம்பள இருக்குதே!" என்றாள் என் பக்கத்தில் இருந்த அஞ்சலை.

விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்ததில் சாயக் கிண்ணம் அவள்மேல் கவிழ்ந்தது. குழாயடியில் கழுவுவதற்கு ரவிக்கைக் கையைச் சுருட்டினாள். முழங்கை வரை பழைய தழும்புகள்.

"யாரு பண்ணதும்மா?" என்றேன்.

"நான்தாங்க. இப்ப விட்டுட்டேன். சில நாள் கஷ்டமாத்தான் இருக்குது."

அஞ்சலை எழுந்து அவளைச் சூளைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். சாப்பாட்டு மணி அடித்தும் இருவரும் வரவில்லை. வந்தபோது அஞ்சலையின் கண்கள் சிவந்திருந்தன.

ஊர் வம்பெல்லாம் என்னிடம் கொட்டுகிறவள், அரைநாள் பார்த்த பெண்ணிடம் என்ன சொன்னாள் என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால், "நீ என்னா, அந்தப் படிப்பா படிச்சிருக்க?" என்கிறாள்.